நெல்லுக்காக வந்தவர்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். கண்டியில் சித்திலெப்பை, 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை, எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷா, 1892இல் மருதானையில் எழுந்த ஸாஹிறாக் கல்லூரி, அதை 1921 முதல் வளர்த்தெடுத்த ரீ. பி. ஜாயா, 1948இல் அவருக்குப் பின் அதிபரான ஏ. எம். ஏ. அஸீஸ். கிழக்குக் கரை இந்தக் கதைக்குள் ஒரேயொரு வரியாகத்தான் நுழைகிறது: 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அஸீஸால் நிறுவப்பட்டது. அடுத்த வரியிலேயே கதை கொழும்புக்குத் திரும்பிவிடும்.

அந்த ஒரு வரிதான் என்னைக் கிழக்குக்கு இழுத்துச் சென்றது. காரணம், 1942இல் அஸீஸ் ஆசிரியரே அல்ல. 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, கொழும்பில் வரலாறு கற்று, மேற்படிப்புக்குக் கேம்பிரிட்ஜ் போன இடத்தில் சிவில் சேவைக்குத் தெரிவான செய்தி கேட்டுத் திரும்பியவர். 1935இல் அந்தச் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம் அவர்தான். ஒரு சுதேசிக்கு அன்று அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது. அப்படிப்பட்ட ஓர் அதிகாரி கல்முனையில் எதற்காகக் கல்விச் சங்கம் அமைக்க வேண்டும்? ஆறு ஆண்டுகள் கழித்து அந்த உத்தியோகத்தையே உதறிவிட்டு ஏன் பள்ளிக்கூட அதிபராக வேண்டும்? இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. அந்த இடம் கல்முனை.

முதலில், அவர் கல்முனைக்கு வந்த காரணத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இது கடினமல்ல, உலகப் போரின் நாட்காட்டியே சொல்லிவிடும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது; அது ஒரேயடியாக நின்றது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. தீவு தன் வயிற்றைத் தானே நிரப்பவேண்டிய கட்டாயம். நாட்டில் நெல் விளையும் பெரிய வெளிகளில் ஒன்று மட்டக்களப்புக்குத் தெற்கே, சம்மாந்துறை முதல் அக்கரைப்பற்று வரை விரிந்து கிடந்தது. அதன் நடுவில் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி, அதாவது அரசாங்க நிர்வாக அலுவலகம், திறக்கப்பட்டது. அதை அமைத்து நடத்த உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ். உணவு உற்பத்தியைப் பெருக்குவதே அவருக்கு இடப்பட்ட வேலை.

அந்தக் கச்சேரியின் காகிதங்களைத் தேடுகிறவர் முதலில் அம்பாறைக்குப் போக நினைப்பார். கல்முனை இன்று அம்பாறை மாவட்டம். ஆனால் அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல்தான். கல்லோயாத் திட்டம் வந்து, இங்கினியாகலையில் அணை கட்டி, உள்நாட்டில் புதிய குடியேற்றங்கள் எழுந்த பின்னர், மட்டக்களப்பின் தென்பாதியைப் பிரித்து உண்டாக்கிய மாவட்டம் அது. 1942இன் கல்முனையை அம்பாறையின் பதிவறைகளில் தேடினால் கையில் எதுவும் சிக்காது. மட்டக்களப்புக் கச்சேரியின் பழைய கோப்புகள் வழியாகவும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் வழியாகவும்தான் நகரவேண்டும். ஆட்சி எல்லை மாறினால் ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் மாறிவிடுகிறது. கல்முனைக் கரையின் வரலாற்றை எழுதப் புகும் இளம் ஆய்வாளர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

கொழும்பில் கிடைப்பது எப்போதும் அரசாங்கத்தின் குரல். எத்தனை ஏக்கர், எத்தனை புசல், எந்த வாய்க்கால், எவ்வளவு விதைநெல். போர்க்காலத் தமிழ்ப் பத்திரிகைகளோ காகிதத் தட்டுப்பாட்டால் மெலிந்துபோனவை. கட்டிவைத்த தொகுதியைத் திறந்தால் மடிப்பில் தாள் பொடியாக உதிரும். விரல் நுனியில் பழுப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். ரேஷன், விலைக் கட்டுப்பாடு, போர்முனைத் தந்தி இவற்றுக்கிடையே வெளிமாவட்டச் செய்திக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறியது. ஒரு கிழக்கூரில் சிலர் கூடிக் கல்விச் சங்கம் அமைத்தது போர்க்காலத்தில் பெரிய செய்தியாகாது. ஆகவே ஊருக்கே போகவேண்டியிருந்தது.

கல்முனைக் கரையில் பழைய தாள் தேடுவது மற்ற இடங்களில் தேடுவதைப் போன்றதல்ல. மருதமுனையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைக் கண்டேன். கைத்தறி ஓசை கேட்கும் ஒழுங்கையில் வீடு. நான் வந்த விசயத்தைச் சொன்னதும் சற்று நேரம் என்னையே பார்த்தார். “தம்பி, எழுபத்தெட்டுச் சூறாவளிக்குக் கூரை போச்சு. சுனாமிக்கு அலுமாரியோட போச்சு. மறுகா என்னத்தைத் தேடி வந்திரிக்கீங்க?” என்றார். அவர் சொன்னதில் மிகை இல்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்தக் கரையின் தென்னைகளையும் ஓட்டுக் கூரைகளையும் ஓரிரவில் வீழ்த்தியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது இலங்கையிலேயே மிக அதிகமானோர் இறந்தது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மனிதரை இழந்த வீட்டில் போய்க் காகிதத்தைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது. இடையில் கலவர ஆண்டுகள் வேறு. 1985இல் காரைதீவுப் பக்கமும், 1990இல் கிழக்கு முழுவதும், தமிழர் வீடும் முஸ்லிம் வீடும் மாறிமாறி எரிந்தன. வீட்டோடு எரிந்த பெட்டிகளில் என்னென்ன இருந்தன என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் மிச்சம் இருந்தது. அந்த அதிபரே ஒருநாள் அழைத்து, தமக்குத் தெரிந்த ஒரு பழைய பாடசாலையின் சேர்விடாப்பைப் பார்க்க வழிசெய்தார். கனத்த அட்டை, முதுகில் துணி ஒட்டியது, கீழ்மூலை நீரில் ஊறிக் காய்ந்து அலையலையாக நெளிந்தது. மாணவர் பெயர், தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம் என்று கோடிட்ட நிரல்கள். முப்பதுகளின் இறுதியிலும் நாற்பதுகளின் தொடக்கத்திலும் எழுதிய பக்கங்கள் அவை. கடைசி நிரலைத்தான் நான் விரலால் தடவித் தடவி வாசித்தேன். ஆண்பிள்ளைகளுக்கு நேரே ‘வயல்’, ‘வயற்காவல்’, ‘தகப்பனுக்கு உதவி’. பெண்பிள்ளைகள் கீழ்வகுப்புகளில் கொஞ்சம் பேர். அவர்களுக்கு நேரே ‘வயது வந்தமை’. அதன் பிறகு அந்தப் பெயர் எங்கும் வராது. எழுதிய ஆசிரியரின் கையெழுத்து அழகானது; எல்லாக் காரணங்களையும் ஒரே நிதானத்துடன் எழுதியிருந்தார். விலகிய மாதங்களைப் பார்த்தால் அவை விதைப்புக்கும் வேளாண்மை வெட்டுக்கும் ஒத்து வந்தன.

அந்த நிரலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் 1942இன் புதிர் எனக்கு அவிழத் தொடங்கியது. நெல்லைப் பெருக்க வந்த அதிகாரி எங்கே போவார்? வயல் வட்டைக்குப் போவார். நிலக்காரப் போடியாரோடும் வயலைக் கவனிக்கும் முல்லைக்காரனோடும் பேசுவார். வரம்பில் நிற்கும் சிறுவனைப் பார்ப்பார். போர்க்கால உற்பத்தி கூடக் கூட அந்தச் சிறுவனுக்கு வயலில் வேலையும் கூடும். வண்ணார்பண்ணை முஸ்லிம் வீட்டுப் பிள்ளையாய், இந்துக் கல்லூரி வாங்கில் உட்கார்ந்து படித்து மேலே வந்த ஒருவருக்கு, தன் சமூகத்தின் பெருந்தொகையான பிள்ளைகள் இந்த நிலையில் இருப்பதைக் கண்முன்னே கண்டது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் ஆதாரங்கள் எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன. 1942க்கு முன் அஸீஸின் பெயரில் எந்தக் கல்வி அமைப்பும் என் தேடலில் அகப்படவில்லை. அதன் பிறகோ ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

கரையோரத்துப் பிள்ளை படிக்காமல் போனதற்கு வறுமை மட்டும் காரணமல்ல. கிழக்கில் புதுமுறைப் பள்ளிகளைக் கொண்டுவந்தவர்கள் மெதடிஸ்ட் பாதிரிமார். 1814இலேயே வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்துவிட்டார். மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம் முஸ்லிம் வீடுகளில் நெடுங்காலம் நிலவியது. ஓதப் பள்ளியில் லெவ்வையிடம் குர்ஆன் ஓதியதோடு பலருக்குப் படிப்பு முடிந்தது. இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த வீடுகளில் எழுத்து இருந்தது. சாய்ந்தமருதில் ஒரு குடும்பம் தங்கள் பாட்டனாரின் பழைய கொப்பியைக் காட்டியது. “மூத்தப்பாட குர்ஆன் ஏடு சேர், ஒளு இல்லாமத் தொடமாட்டோம்” என்று துணியில் சுற்றிப் பாதுகாத்திருந்தார்கள். கூட வந்த மௌலவி மெல்ல வாசித்துப் பார்த்தார். எழுத்து அரபு, மொழி தமிழ். முன்பக்கங்களில் துஆக்கள். பின்பக்கங்களில் நெற்கணக்கு: யாருக்கு எத்தனை அவணம் கொடுத்தது, யாரிடம் எவ்வளவு வரவேண்டியது. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஆய்வாளர் இந்தக் கரையில் பாதி ஆவணங்களைத் தவறவிடுவார். அரசாங்கக் கணக்கில் எழுத்தறிவற்றவர் என்று பதியப்பட்டிருக்கக்கூடிய ஒரு விவசாயி தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருக்கிறார். அந்த எழுத்தை எந்தக் கச்சேரியும் ஏற்காது என்பதுதான் சிக்கல்.

அஸீஸுக்கு அங்கே கிடைத்த துணைகளைத் தேடியபோது எனக்கு மிக நிறைவளித்த பெயர் சுவாமி விபுலாநந்தருடையது. கல்முனையில் இருந்த நாட்களில் அஸீஸ் அவரோடு பழகினார் என்பது வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தவர். வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். நடுவில் தமிழ் ஊரான காரைதீவு. சிறுவயதில் அவர் படித்தது கல்முனையின் மெதடிஸ்ட் பாடசாலையில். பின்னாளில் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கியவர். அஸீஸ் தொடக்கக் கல்வி கற்ற வைத்தீஸ்வர வித்தியாலயமும் விபுலாநந்தர் துறவியாக இருந்த இராமகிருஷ்ண மிஷனோடு இணைந்த பள்ளிதான். ஆக, துறவி ஒருவரும் முஸ்லிம் சிவில் சேவையாளர் ஒருவரும் கல்முனையில் சந்தித்தபோது அவர்களுக்கிடையே பேசுவதற்கு ஏற்கெனவே ஒரு பொதுத் தளம் இருந்தது. தமிழும் பள்ளிக்கூடமுமே அந்தத் தளம். காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையும் அஸீஸின் கிழக்கிலங்கைத் தொடர்புகளில் ஒருவர். அவர் தொழிலால் ஆசிரியர்.

விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவரிடம் தமிழ் கற்றவர்களில் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டைத் தம் முதுகலை ஆய்வுக்குப் பொருளாக எடுத்து, இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர் அவர். காரைதீவுத் துறவியின் மாணவர் ஒருவர் முஸ்லிம் புலவர்களைத் தமிழ் உலகுக்கு எடுத்துக் காட்டினார். 1985க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு, தமிழ், முஸ்லிம் இரு ஊர்களிலும், இந்தச் செய்தி அதிகம் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகவாவது இது இருந்திருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இனி நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் போதும். 1942, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம். 1945, இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. பணமில்லாத ஒரே காரணத்தால் முஸ்லிம் மாணவர் உயர்கல்வியை இழக்கக்கூடாது என்பதற்காக நாடு தழுவி எழுப்பிய நிதி. 1948, சிவில் சேவையிலிருந்து விலகி ஸாஹிறா அதிபர். 1950, அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவை. கொழும்பிலிருந்து பார்த்தால் இது ஒரு தலைவரின் வளர்ச்சி. கல்முனையிலிருந்து பார்த்தால் இது ஓர் ஊரில் செய்துபார்த்த வேலையை நாட்டளவில் விரித்த கதை. நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். சகாய நிதிக்கு விதை போட்டது வரம்போரத்துச் சிறுவர்களே.

ஸாஹிறாவில் அவர் இருந்த 1961 வரையான காலம் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. இங்கே திரும்பச் சொல்லவேண்டியதில்லை. ஒன்று மட்டும். பின்னாளில் தமிழியலின் பெரும் அறிஞராக விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி படித்ததும், பிறகு கற்பித்ததும் அந்த ஸாஹிறாவில்தான். ஒரு சிறுபான்மைக்காகப் போராடிய ஆசிரியர் தன் பள்ளிக் கதவைத் தன் சமூகத்துக்கு மட்டும் திறந்து வைக்கவில்லை.

1952 முதல் 1963 வரை அஸீஸ் செனட் சபை உறுப்பினர். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் அவர் அமர்ந்திருந்த சபையையும் கடந்தே நிறைவேறியது. முஸ்லிம்களின் உரிமை எதுவென்று அன்று ஒரே கருத்து இல்லை. கொழும்பின் செல்வாக்குள்ள தலைவர் சேர் ராசிக் பரீத் சிங்களச் சட்டத்தை ஆதரித்தார். அதே ஆண்டுத் தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்களான எம். எஸ். காரியப்பரும் எம். எம். முஸ்தபாவும் வென்றார்கள். பிறகு அவர்கள் கட்சி மாறியது தனிக்கதை. வாக்களித்த கரையோர மக்கள் எதற்காக வாக்களித்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கச்சேரியிலிருந்து வரும் கடிதம் தன்னால் வாசிக்க முடிந்த மொழியில் இருக்கவேண்டும் என்பது நிந்தவூர் விவசாயிக்கு அன்றாடத் தேவை.

இந்தப் பிளவின் வேர் பழையது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஆய்வுரை நிகழ்த்தினார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். தமிழ் பேசுகிறாய், ஆகவே நீ தமிழன் என்றது ஒரு பக்கம். நீ தமிழனல்லன், ஆகவே தமிழ் உனக்கு முக்கியமல்ல என்றது பின்னால் வந்த மறுபக்கம். ஏ. எம். ஏ. அஸீஸ் இரண்டையும் ஏற்கவில்லை. முஸ்லிம்கள் தனிச் சமூகம். அவர்களின் வீட்டுமொழி தமிழ். இரண்டும் சேர்ந்தே உண்மை என்பது அவர் எழுத்து முழுவதிலும் ஓடும் நிலைப்பாடு. 1963இல் வெளிவந்த ‘இலங்கையில் இஸ்லாம்’ நூலை அவர் தமிழில் எழுதினார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு அவர் கொண்டுபோன ஆய்வுரை, 1880களின் இலங்கை முஸ்லிம் சமூகத்தைப் பற்றியது. தமிழாராய்ச்சி மேடை தன் சமூகத்தின் மேடையும்தான் என்பதை அந்தத் தலைப்பாலேயே நிலைநாட்டினார்.

இதே நெருக்கடியை வேறொரு கண்டத்தில் அனுபவித்தவர்கள் அல்பேனியர்கள். ஒஸ்மானியப் பேரரசு மக்களை மதத்தால் பிரித்து எண்ணியது. முஸ்லிம் அல்பேனியன் துருக்கியனோடு சேர்க்கப்பட்டான். ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவ அல்பேனியன் கிரேக்கனோடு. இருவருக்கும் பொதுவான தாய்மொழிக்குப் பள்ளி இல்லை. 1887 மார்ச் 7ஆம் திகதி கொர்ச்சா நகரில் அல்பேனிய மொழிப் பள்ளி திறந்தது. அந்த நாளையே அல்பேனியா இன்றும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. அம்மொழியைக் கற்பித்த குற்றத்துக்காகப் பாப்பா கிறிஸ்டோ நெகொவானி என்ற பாதிரி ஆசிரியர் 1905இல் கொல்லப்பட்டார். நூறாண்டு கழித்தும் அது முடியவில்லை. 1990களில் கொசோவோவில் அல்பேனியப் பிள்ளைகள் அரச பள்ளிக் கட்டடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, ஆசிரியர்கள் வீடுகளின் கூடத்தில் வகுப்பு நடத்தி ஒரு தலைமுறையைக் காப்பாற்றினார்கள். அங்கே ஆசிரியரின் போராட்டம் சிறையையும் சாவையும் எதிர்கொண்டது. அஸீஸ் அப்படி எதையும் எதிர்கொள்ளவில்லை. ஆனாலும் மதத்தால் எண்ணப்பட்டு மொழியால் மறக்கப்பட்ட ஒரு மக்களுக்குப் பள்ளிக்கூடம்தான் முதல் அரண் என்பதை இரு இடத்து ஆசிரியர்களும் ஒன்றுபோலக் கண்டுகொண்டார்கள். அல்பேனியர்கள் அந்தக் கொர்ச்சாப் பள்ளியை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். கல்முனையில் 1942ஐ நினைவூட்டும்படி என் கண்ணில் எதுவும் படவில்லை.

தேடலில் கடைசியாகத் தெளிந்த ஒரு விசயம் இன்றைய அரசியலைத் தொடுகிறது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கரைக்கு ஒரு தனி நிர்வாக மாவட்டம் வேண்டும், அதன் தலைமையிடம் கல்முனையாக இருக்கவேண்டும் என்ற கோரிக்கை நீண்டகாலமாக எழுப்பப்படுகிறது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அதைத் தொடர்ந்து பேசிவந்திருக்கிறது. எதிர்ப்பவர்கள் இதை இனவாதம் பிறப்பித்த புதுக் கோரிக்கை என்கிறார்கள். 1942இன் காகிதங்கள் வேறு சொல்கின்றன. அரசாங்கத்துக்கே அவசரம் வந்தபோது, இந்தக் கரையை ஆள வசதியான இடம் கல்முனை என்று அதுவே முடிவு செய்து கச்சேரியைத் திறந்தது. அரிசி வேண்டியபோது பொருத்தமாக இருந்த ஊர், மக்களுக்கு வேண்டியபோது ஏன் பொருத்தமில்லாமல் போனது? மாவட்டக் கோரிக்கைக்குள் கல்முனையின் தமிழ் மக்களுக்கும் தங்கள் பிரதேச செயலகம் பற்றிய நியாயமான குறை இருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசித் தீர்க்கவேண்டும். ஆனால் கல்முனையை நிர்வாக மையமாக்கும் எண்ணம் புதிதல்ல என்பதை ஆவணத்தைக் கொண்டே சொல்லலாம்.

அஸீஸ் 1973 நவம்பர் 24ஆம் திகதி காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அவருக்கு இறப்புக்குப் பின்னான கலாநிதிப் பட்டம் வழங்கியது. பிறந்த ஊரின் பல்கலைக்கழகம் செய்த மரியாதை அது. அவரை ஆசிரியராக்கிய கரையில் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் இயங்குகிறது. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைப் பற்றிய முழுமையான ஓர் ஆய்வை அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒருவர் கையிலெடுக்கவேண்டும். அதற்கு அரபுத் தமிழ் படிக்கவேண்டும். மட்டக்களப்புக் கோப்புகளைப் பார்க்கவேண்டும். காரைதீவுக்கும் மருதமுனைக்கும் ஒரே நாளில் போய்வரவேண்டும்.

இதை வாசிக்கும் கரையோரத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, பள்ளிவாசல் அலுமாரியிலோ, பாடசாலைக் களஞ்சிய அறையிலோ 1940களைச் சேர்ந்த சேர்விடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், சங்கக் கூட்ட அறிக்கை, ரசீது, அரபுத் தமிழ்க் கொப்பி எது இருந்தாலும் எரிக்கவோ கடைக்குப் போடவோ வேண்டாம். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நூலக நிறுவனம் போன்றவை ஈழத்து ஆவணங்களைப் படியெடுத்து எவரும் வாசிக்க இலவசமாக வைக்கின்றன. அவர்களுக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஒரு சொல் சொல்லுங்கள். அடுத்த மாரி மழைக்கு முன் அதைச் செய்யுங்கள்.